பூஜ்யம் போடுங்க தம்பி: பொதிகை அடிவாரத்துல காலேஜ் பசங்க எடுக்குற கணக்கு எதுக்கு ஆகுது

முண்டந்துறைக் காட்டுல நான் மொத மொத டிரான்செக்ட், அதாவது விலங்குகள எண்ணிக்கிட்டே ஒரே நேர்கோட்டுல நடக்குற நடை, நடந்த அன்னிக்கு கண்ணுல ஒண்ணுமே படல. காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு ரெண்டு கிலோமீட்டர். பேசக்கூடாது, செண்ட் அடிக்கக்கூடாது, பளிச்சுன்னு கலர் சட்டை கூடாதுன்னு ஆயிரம் கண்டிஷன் போட்டு கூட்டிட்டுப் போனாங்க, நானும் புலி இல்லாட்டியும் ஒரு மிளாவாச்சும் நிக்கும்னு நெனச்சிக்கிட்டே நடந்தா எங்கயோ தூரத்துல ஒரு கருமந்தி சத்தம், அவ்ளோதான். முடிச்சுட்டு பாறையில உக்காந்து இட்லிப் பொட்டலத்தப் பிரிக்கும்போது கூட வந்த வாட்சர் அண்ணன் என் ஷீட்ட வாங்கிப் பாத்தாரு.

"என்ன தம்பி, வெள்ளையா கெடக்கு?"

"ஒண்ணும் பாக்கலையேண்ணே."

"அப்ப பூஜ்யம் போடுங்க தம்பி. ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம் போடுங்க. வெள்ளையா குடுத்தா நீங்க நடக்கவே இல்லன்னுல்லா நெனப்பாவ."

அவரு பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவரு, நாங்க எம்எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர்ல ரெண்டு செமஸ்டரா எங்களுக்குப் புரியாத ஒண்ண அவரு ஒரு இட்லி சாப்புடுற நேரத்துல சொல்லிட்டாரு. தேடிப் பாத்து இல்லைங்குறது வேற, தேடவே இல்லைங்குறது வேற. மாணவர்கள் பண்ற ஃபீல்டு வொர்க்கால காட்டுக்கு என்ன பிரயோஜனம்னு யாராவது கேட்டா எனக்கு இந்த வெள்ளை ஷீட்டுதான் ஞாபகம் வரும்.

வெளியூர்க்காரங்களுக்காக எடத்தப் பத்தி கொஞ்சம் சொல்லிடுதேன். களக்காடு, முண்டந்துறைன்னு ரெண்டு சரணாலயத்தையும் சேத்து 1988ல புலிகள் காப்பகம் ஆக்குனாங்க, தமிழ்நாட்டுக்கே அதுதான் முதலாவது. பிற்பாடு கன்னியாகுமரி பக்கத்துக் காட்டுல கொஞ்சத்தையும் சேத்து சுமார் 895 சதுர கிலோமீட்டர்னு கணக்கு சொல்லுவாங்க. இத அடக்குன அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்த 2016ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்தாச்சு. அடிவாரத்துல முள்ளுக்காடு, கல்லு சுடும், மேல ஏற ஏற இலையுதிர்காடு, அதுக்கும் மேல கக்காச்சி, கோதையாறு பக்கம் போனா வெயிலே தரையில விழாத மழைக்காடு, உச்சியில அகத்தியமலை 1,860 மீட்டருக்கு மேல. காலைல அம்பாசமுத்திரத்துல வேர்த்து விறுவிறுத்து பஸ் ஏறுன ஆளு மத்தியானம் மலை மேல நாலுமுக்கு எஸ்டேட்ல மப்ளர் கட்டிட்டு நிப்பான். தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு எல்லாம் இந்த மலைல இருந்துதான் எறங்குது. திருநெல்வேலியிலயும் தூத்துக்குடியிலயும் குழாயில தண்ணி வருதுன்னா, கார், பிசானம்னு ரெண்டு நெல் போகத்துக்கும் வயல்ல நாத்து நிக்குதுன்னா அது அந்த மலைக்காடு பிடிச்சு வச்சு மெதுவா விடுற தண்ணி. அதனால இது புலிக்காக மட்டும் பாதுகாக்குற காடு இல்ல. ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க.

சரி, இதுல காலேஜ் பசங்களுக்கு என்ன வேலை? பாளையங்கோட்டை காலேஜ்கள் இருக்கு, ஆழ்வார்குறிச்சியில பரமகல்யாணி காலேஜும் மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டியோட சுற்றுச்சூழல் மையமும் மலைக்குக் கிட்டத்துலயே இருக்கு. பாட்டனி, ஜுவாலஜி, என்விரான்மென்டல் சயின்ஸ்னு படிக்கிற புள்ளைங்களுக்கு எப்படியும் ஒரு ப்ராஜெக்ட் பண்ணியாகணும். இன்னொரு பக்கம் வனத்துறையில காட்ட பீட்டுன்னு துண்டு துண்டா பிரிச்சு ஒரு பீட்டுக்கு ஒரு கார்டு, கூட ரெண்டு மூணு வாட்சர், அவங்க வேட்டைய பாப்பாங்களா, தீய பாப்பாங்களா, ஊருக்குள்ள கரடி வந்துட்டுன்னு போன் வந்தா அங்க ஓடுவாங்களா, இல்ல உக்காந்து மரத்தோட சுத்தளவ அளப்பாங்களா. கணக்கெடுப்பு சமயத்துல தன்னார்வலரா மாணவர்களச் சேத்துக்கிறது இங்க பழைய வழக்கம். முண்டந்துறையில ஒரு நாள் ட்ரெயினிங் குடுத்து, பீட்டு பீட்டா பிரிச்சு, ஆளுக்கு ஒரு கார்டோட அனுப்பி வச்சிருவாங்க, ஒரு வாரம் காட்டுக்குள்ள கேம்ப் ஷெட்டுல கஞ்சியும் பயறும்தான்.

அந்த வாரத்துல என்ன நடக்கும்னா, மொத மூணு நாள் தடயம் தேடுறது. புலி, சிறுத்தை, செந்நாய், கரடி இதுங்களோட கால்தடம், எச்சம், மரத்துல நகக்கீறல், எல்லாத்தையும் வழி நெடுக பாத்து எங்க கெடந்துச்சு, புதுசா பழசான்னு குறிக்கணும், ஒரு பீட்டுல மொத்தம் 15 கிலோமீட்டர் வரும். அடுத்த மூணு நாள் அதே ரெண்டு கிலோமீட்டர் நேர்கோட்ட தெனமும் காலைல நடந்து மிளா, புள்ளிமான், காட்டுமாடு, பன்னி, மந்தின்னு கண்ணுல படுற இரை விலங்குகள எண்ணணும். நடுநடுவுல நின்னு புழுக்கை எண்ணணும், சுத்தி 15 மீட்டர் வட்டத்துக்குள்ள என்னென்ன மரம், அதுக்குள்ள சின்ன வட்டத்துல என்ன புதரு, வெட்டுன அடையாளம் இருக்கா, மாடு மேஞ்சிருக்கா, காட்ட மூடுற வெளிநாட்டு உண்ணிச்செடி எவ்ளோ பரவியிருக்குன்னு எழுதணும். 2006ல இருந்து நாலு வருஷத்துக்கு ஒருக்க நாடு முழுக்க எடுக்குற புலிக் கணக்கோட மொத அடுக்கு இந்த முறைதான், தானா போட்டோ எடுக்குற கேமரா ட்ராப் எல்லாம் அதுக்கு மேல வர்றது. டிவியில புலி போட்டோ மட்டும்தான் காட்டுவாங்க, புழுக்கை எண்ணுன பையன யாரு காட்டுவா.

டிரான்செக்ட்ல ஒரு சூட்சுமம் இருக்கு, அத நெறைய பேரு வெளங்காமலே நடந்துட்டு வந்துடுறாங்க. மான பாத்தா எத்தன மானுன்னு மட்டும் எழுதுனா பத்தாது, அது நிக்குற தூரம் எவ்ளோ, நம்ம நடக்குற கோட்டுக்கு எந்தக் கோணத்துல நிக்குதுன்னு ரேஞ்ச் ஃபைண்டரும் காம்பஸும் வச்சு எழுதணும். ஏன்னா கோட்டுக்கு மேலயே நிக்குற மான யாரும் தவற விடமாட்டாங்க, இருபது மீட்டர்ல நிக்குறத கொஞ்சம் பேரு விடுவாங்க, அறுபது மீட்டர்ல புதருக்குள்ள நிக்குறத பாதிப்பேரு விடுவாங்க. தூரம் கூடக் கூட எண்ணிக்கை எப்படி கொறையுதுன்னு பாத்தா, நம்ம கண்ணுக்குத் தப்புனது எவ்ளோ இருக்கும்னு கணக்கு போட்டுறலாம். பாத்தத வச்சு பாக்காதத கண்டுபிடிக்கிற வித்தை. ஆனா இதுக்கு நூத்துக்கணக்கான நடை வேணும், ஒருத்தன் ரெண்டு நாள் நடந்துட்டு வந்து ப்ராஜெக்ட்ல மானோட அடர்த்தின்னு ஒரு நம்பர் போட்டான்னா அத நம்பாதீங்க. கோட்டுக்கு வெளிய ஒத்தையடிப் பாதை சௌகரியமா இருக்குன்னு அதுல நடந்தாலும் கணக்கு கெட்டுரும், விலங்குகளும் நம்மள மாதிரி பாதையிலதான நடக்கும், இல்லன்னா மனுச வாடைக்கு பாதைய விட்டு ஒதுங்கும்.

மாணவர் டேட்டால எங்க ஓட்டை விழும்னு கேட்டா மொத எடம் புலி ஆசை. சிறுத்தை தடத்த பாத்துட்டு புலிங்குறது, ஈர மண்ணுல விரிஞ்சுபோன தடத்த பாத்துட்டு பெரிய ஆண்புலிங்குறது. எங்க பேட்ச்லயே ஒருத்தன் மரநாய் எச்சத்த பேப்பர்ல பொட்டலம் கட்டி பத்திரமா கொண்டாந்தான், புலியோடதுன்னு. ரெண்டாவது, பேரு. கீழ முள்ளுக்காட்டுல பொறந்து வளந்த புள்ளைங்களுக்கு உடைமரம், வெடத்தலா, இலந்தை, ஆவாரை எல்லாம் தண்ணி பட்ட பாடு. மழைக்காட்டுக்குள்ள விட்டா எல்லா மரமும் ஒரே மாதிரி நேரா போயி மேல எங்கயோ இலைய வச்சிருக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தாலும் புரியாது, கீழ விழுந்த இலை, பட்டையோட வாசனை, கீறுனா வர்ற பால், இத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்கு இந்த மலையில வாழுற பழங்குடி காணிக்காரங்கள விட்டா ஆளு கெடையாது.

காணிக்காரங்கன்னதும் ஒரு கதை சொல்லியாகணும். மைலாறு, இஞ்சிக்குழி, அகத்தியர் காணி குடியிருப்புன்னு அவங்க ஊரு இந்தப் பக்கம் இருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுலயும் காணிக்காரங்க இருக்காங்க. 1987ல அந்தப் பக்கம் மலை ஏறுன விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குது, கூட வந்த காணிக்காரங்க ஒரு சின்னப் பழத்த தின்னுட்டு அலுப்பே இல்லாம போயிட்டு இருக்காங்க. அதக் கேட்டு வாங்கித் தின்னு பாத்து, அந்தச் செடிய ஆராய்ச்சி பண்ணி, ஜீவனின்னு மருந்தாக்கி வித்தாங்க. செடிக்கு ஆரோக்கியப்பச்சைன்னு பேரு. வந்த காசுல காணிக்காரங்களுக்கும் பங்குன்னு ஒரு ஏற்பாடு பண்ணுனதால உலகம் பூரா இத உதாரணமா பேசுனாங்க, யாருக்கு எவ்ளோ போச்சு, யார கேட்டு குடுத்தாங்கன்னு சண்டையும் கூடவே வந்துச்சு. இதுக்குப் பொறவும் நம்ம ஊர்ல மருத்துவ மூலிகை சர்வேன்னு ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு காணி குடியிருப்புக்குப் போயி, ஒரு தாத்தாகிட்ட நாப்பது செடியோட பேரும் உபயோகமும் எழுதிக்கிட்டு வந்து, கடைசிப் பக்கத்துல நன்றின்னு ஒரு வரில கூட அவரு பேர போடாத ப்ராஜெக்ட நான் கண்ணால பாத்துருக்கேன். பேரு போடுறதுக்கும் அவர கேக்கணும், எழுதி வெளியிடலாமான்னும் கேக்கணும், சிலது வேண்டாம்னு சொன்னாருன்னா விட்டுறணும். இத எல்லாம் எந்தப் பேப்பர்லயும் கேள்வியா கேக்க மாட்டாங்க.

பர்மிஷன் விஷயமும் இதே கதைதான். 1972ஆம் வருஷ வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி சரணாலயத்துக்குள்ள படிப்பு ஆராய்ச்சின்னு போறதுக்கு அனுமதி வாங்கணும், செடி பறிக்கணும்னா அதையும் தனியா கேட்டுத்தான் பறிக்கணும். லெட்டர் போயி பதில் வர மாசக்கணக்காகும், ப்ராஜெக்டுக்கு இருக்குறதே நாலு மாசம். அதனால நெறைய பேரு செக்போஸ்ட் கேட்டுக்கு வெளிய இருக்குற காட்டையே ஓரமா சுத்திட்டு வந்து எழுதிடுறாங்க. அதுவும் ஒரு வகைல நல்லதுதான்னு நான் சொல்லுவேன், காட்டுக்கு வர்ற சிக்கல் எல்லாம் ஓரத்துல இருந்துதான வருது. கடையம், சிவசைலம், பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு பக்கம் போயி கேட்டுப் பாருங்க, பன்னி கெழங்க தோண்டிட்டு, மிளா நெல்ல மேஞ்சிட்டு, கரடி தோப்புக்குள்ள வந்துட்டுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. இதுல எந்த வயல்ல, எந்த மாசம், என்ன பயிரு, எவ்ளோ அழிவு, வேலி என்ன வேலி, நஷ்டஈடுக்கு மனு போட்டாரா, போடலன்னா ஏன் போடலன்னு வீடு வீடா கேட்டு எழுதுனா ரேஞ்ச் ஆபீஸுக்கு அத விட பெரிய உதவி கெடையாது. யூனிஃபார்ம் போட்டவரு போயி கேட்டா விவசாயி மொத அரைமணி நேரம் திட்டுவாரு, பக்கத்து ஊரு காலேஜ் புள்ள போயி கேட்டா மோரு குடுத்துட்டு திட்டுவாரு. பதிலும் வரும்.

பாபநாசத்துல இன்னொரு கணக்கு இருக்கு. பரிகாரம்னு குளிச்சிட்டு கட்டியிருந்த துணிய ஆத்துலயே விட்டுட்டுப் போறது, அள்ள அள்ள டன் கணக்குல வந்துட்டே இருக்கும். மேல காரையார்ல சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்குல சனம் காட்டுக்குள்ள போவும், குலதெய்வம், வேண்டாம்னு யாரும் சொல்ல முடியாது, எங்க வீட்லயும் போவோம். சும்மா குப்பை அள்ளுனா அது ஒரு நாள் சேவை, எடத்த கழுவி விட்ட மாதிரி, அடுத்த வருஷம் அதே குப்பை. அள்ளும்போதே ஷாம்பு பாக்கெட் எத்தன, தண்ணி பாட்டில் எத்தன, எலாஸ்டிக் வச்ச துணி எத்தன கிலோன்னு பிரிச்சு எடை போட்டு எழுதி வச்சா, எத செக்போஸ்ட்ல தடுக்கணும், தடுத்ததுக்குப் பொறவு கொறஞ்சுதான்னு தெரியும். நாத்தத்துக்கு மாஸ்க் கட்டிட்டு துணி எடை போடுறது ஒண்ணும் இன்ஸ்டாவுல போடுற வேலை இல்ல, அதனாலயோ என்னவோ இதுக்கு வர்ற கூட்டம் கம்மி.

கூட்டம் வர்றது எதுக்குன்னா மரம் நடுறதுக்கு. நான் படிச்ச காலத்துல ஒரு காலேஜ்ல, பேரு வேண்டாம், விதைப்பந்து விழா நடந்துச்சு. ஆயிரக்கணக்குல உருட்டி, பேனர் வச்சு, மூணு பஸ்ல போயி அடிவாரத்துப் பொட்டல்ல வீசிட்டு வந்தோம், நானும்தான் வீசுனேன். வேம்பும் புங்கையும். ஆறு மாசம் கழிச்சு எத்தன மொளச்சிருக்குன்னு போயி பாக்க ஒரு ஆளு கெளம்பல, ரிப்போர்ட்ல மட்டும் எத்தன வீசுனோம்னு நம்பர் இருக்கு. அத விட மோசம், பொட்டல்னு நாம நெனச்ச எடம் பொட்டலே இல்ல. உடங்காடும் புல்லுத்தரையும் அதுக்குன்னு இருக்குற உயிர்களோட வீடு, வல்லநாட்டுல வெளிமான் அந்த மாதிரி எடத்துலதான் பொழைக்குது, அங்க போயி நெழல் மரமா நட்டுத் தள்ளுனா மானுக்கு கெடுதல்தான். நடுறதுக்கு முன்னாடி அங்க என்ன இருக்குன்னு எண்ணாம நடாதீங்கன்னு இப்ப யாராவது கேட்டா சொல்லுவேன், அப்ப எனக்கு யாரும் சொல்லல.

எண்ணுறதுல எவ்ளோ கெடைக்கும்ங்குறதுக்கு கக்காச்சிய பாக்கணும். அங்க 1990கள்ல இருந்தே ஆராய்ச்சியாளர்கள் மாசா மாசம் அதே மரங்களுக்குப் போயி துளிர் எவ்ளோ, பூ எவ்ளோ, காய் எவ்ளோன்னு குறிச்சிட்டு வந்தாங்க. அப்படிப் பாத்ததுலதான் வெடிப்பலா மரத்தோட சங்கதி வெளிய வந்துச்சு. மத்த பழம் எதுவும் பெருசா கெடைக்காத சமயத்துல அது பூக்கும், பூவுல இருக்குற சதைப்பத்தான புல்லி இதழ சிங்கவால் குரங்கும் கருமந்தியும் வவ்வாலும் திங்கும், தின்னு அழிக்குதுன்னு பாத்தா, முகத்துல மகரந்தத்த அப்பிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போயி அதுங்களே மகரந்தச் சேர்க்கையும் பண்ணி வச்சிருது. ஒருநாள் டூர் போனவன் குரங்கு பூவ பிச்சுப் போடுதுன்னு எழுதியிருப்பான். குளத்துப் பக்கமும் இதே மாதிரிதான், 2011ல இருந்து ஜனவரியில தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்குது, நெறைய காலேஜ் பசங்க போறாங்க. ஒரு வருஷக் கணக்குல ஒண்ணும் தெரியாது, பத்து வருஷத்த வரிசையா வச்சாத்தான் எந்தக் குளம் காலியாகுதுன்னு தெரியும்.

இப்ப இதெல்லாம் ஏன் அவசரம்னா மாஞ்சோலை. 1929ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பம்பாய் பர்மா கம்பெனி 8,000 ஏக்கருக்கு மேல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது, 2028ல முடியுது. மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு தேயிலை எஸ்டேட்டு வரிசையா காப்பகத்துக்கு நடுவுல. 2024லயே தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வுன்னு சொல்லி வேலைய முடிச்சாச்சு. நாலஞ்சு தலைமுறையா அங்கயே பொறந்து அங்கயே புதைச்ச சனம், கூலி உயர்வு கேட்டு திருநெல்வேலி வந்து 1999 ஜூலை 23ல போலீஸ் அடிச்சு விரட்ட தாமிரபரணி ஆத்துல 17 உயிரக் குடுத்த சனம். அவங்க எறங்குறத காடு ஜெயிச்சிட்டுன்னு கொண்டாட எனக்கு மனசு வரல, கொண்டாடுற பதிவெல்லாம் பாத்தா எரிச்சல்தான் வருது. ஆனா அங்க தேயிலைக்கு அடுத்து என்ன நடக்குங்குறது நெசமாவே முக்கியமான கேள்வி. தேயிலைய பறிக்காம கவாத்து பண்ணாம விட்டா இடுப்பளவு செடி மரமாயிரும், அடியில வெளிச்சம் போவாது. அதுக்குள்ள காட்டு மரக்கன்னு வருமா, எத்தன வருஷத்துல வரும், வெடிப்பலா வெதைய யாரு கொண்டு போடுவா, உண்ணிச்செடியும் யூகலிப்டஸும் முந்திக்குமா. இத இப்பவே கல்லு நட்டு, கட்டம் போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் தகடு அடிச்சு, அளந்து வச்சாத்தான் இருபது வருஷம் கழிச்சு பதில் சொல்ல முடியும். மரத்தோட சுத்தளவ அளக்குற எடமும் தரையில இருந்து 1.37 மீட்டர்ல எல்லாரும் ஒரே மாதிரி அளக்கணும், இல்லாட்டி அடுத்த பேட்ச் அளக்கும்போது மரம் சுருங்கிட்ட மாதிரி வரும், சிரிக்காதீங்க, எங்க ரெக்கார்ட்லயே ஒரு மரம் மூணு வருஷத்துல ஆறு சென்டிமீட்டர் மெலிஞ்சிருக்கு.

எழுதுனது எல்லாம் எங்க போவுதுங்குறது பெரிய வயித்தெரிச்சல். மூணு காப்பி பைண்டிங் போடுவோம், ஒண்ணு டிபார்ட்மென்ட்டுக்கு, ஒண்ணு கைடுக்கு, ஒண்ணு நமக்கு. கறையான் தின்னது போக மீதி அங்கனயே இருக்கும். நாங்க கணக்கெடுத்த பீட்டோட கார்டுக்கு ஒரு பக்கம் தமிழ்ல எழுதிக் குடுக்கணும்னு யாருக்கும் தோணல. கச்சா ஷீட்டு அத விட முக்கியம், அதத்தான் மொத பழைய பேப்பர் கடைக்குப் போடுதோம்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஜூனியர் பசங்க ரெண்டு பேரு அந்தப் பழைய ரெக்கார்ட எல்லாம் எக்ஸெல்ல ஏத்துறோம்னு கேட்டாங்க. எங்ககிட்ட மிஞ்சி இருந்தத ஒரு சாக்குல கட்டி குடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு போன். "அண்ணே, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நெறைய இருக்கு, அக்டோபர் நவம்பர்ல மட்டும் எந்த வருஷமும் ஒண்ணுமே இல்லையே, அப்ப விலங்கு எதுவும் வராதா?" யோசிச்சுப் பாத்தா சிரிப்பாவும் இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. நவம்பர்ல செமஸ்டர் எக்ஸாம்லா. ஐப்பசி கார்த்திகையில அந்த மலையில அடைமழை பெய்யும், ஓடை எல்லாம் நெரம்பி ஓடும், அட்டை கால மொய்க்கும், விலங்குகள் எடம் மாறுதான்னு பாக்கணும்னா அப்பத்தான் பாக்கணும், அந்த ரெண்டு மாசம்தான் எங்ககிட்ட வெறும் வெள்ளை. பூஜ்யம் கூட இல்ல.

"போடாதீங்கடே, பூஜ்யம் போட்டுறாதீங்க"ன்னு சொன்னேன். "அந்தக் கட்டத்துல நடக்கலன்னு எழுதுங்க."